பூட்டினேனா, தம்பி?

திருகோணமலை உவர்மலையில் சின்னம்மா வீட்டு கேற் கடற்காற்றுக்குத் துருவேறிப் போய்விட்டது. பூட்டு மட்டும் பளபளவென்று இருக்கும். நாளுக்கு நாற்பது தடவை பிடித்து இழுத்துப் பார்த்தால் துரு எங்கே ஏறுவது? பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் பின்சீற்றிலிருந்து குரல் வரும்: "தம்பி, பூட்டினனானோ?" நானும் மோட்டார் சைக்கிளைத் திருப்புவேன்.

போன மாதம் கனடாவிலிருந்து அவர் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். தலையில் ஹெல்மெட் மாதிரி ஒன்றை மாட்டி, காந்தத் துடிப்பால் ஓசிடியை, அதுதான் சின்னம்மாவைப்போலத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைக்கிற மனவருத்தத்தை, குணமாக்குகிறார்களாம். "அம்மாவை இங்க கூப்பிட்டுச் செய்விப்பமா அண்ணா?"

விஷயம் பொய்யில்லை. அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்த சிகிச்சைதான். அதற்கான ஆய்வில் நிஜத் துடிப்பு பெற்றவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு நல்ல முன்னேற்றம், வெறும் பாவனைச் சிகிச்சை பெற்றவர்களில் 11 பேருக்கு. ஆனால் அந்த வீடியோவில் இல்லாத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மெஷினைப் போடுமுன் நோயாளியின் பயத்தை வேண்டுமென்றே கிளப்பிவிடுகிறார்கள். "கதவைப் பூட்டினீங்களா, நிச்சயமா?" என்று கேட்டு மனதைக் கலக்கிய பிறகுதான் துடிப்பு. சும்மா படுத்திருந்தால் போதாது.

மூளைக்குள்ளேயே மின்முனை வைக்கும் அறுவைச் சிகிச்சையிலும் இதே கதை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு சிறு குழுவுக்கு மின்தூண்டலால் பதற்றம் தணிந்த பிறகு உளச்சிகிச்சையையும் சேர்த்தார்கள். இன்னும் முன்னேற்றம் தெரிந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பயம் குறைந்தாலும் இருபது வருடப் பழக்கத்தில் கை தானாகப் பூட்டுக்குத்தானே போகும்?

அந்தப் பழக்கத்தை உடைக்கும் வழியை விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இலேயே எழுதிவிட்டார். பயத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும், சரிபார்க்கிற வேலையைச் செய்யக்கூடாது. அவ்வளவுதான். மின்சாரமே தேவையில்லை. தேவைப்படுவது வாராவாரம் ஒரு மணித்தியாலம் கூட இருக்கத் தெரிந்த ஒரு ஆள். நாங்கள் முதலில் போன கிளினிக்கில் துண்டு எழுதிக் குளிசை தர இரண்டு நிமிடம். குளிசை வேண்டாம் என்று சொல்லவில்லை, சின்னம்மாவுக்கு அது உதவுகிறது. ஆனால் மெஷின் எப்போது இங்கே வரும் என்று கேட்கிறவர்கள், இந்தப் பயிற்சி தெரிந்தவர்கள் திருகோணமலையில் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. எனக்கு அதுதான் கோபம்.

பிறகு ஒரு ஆலோசகர் பிள்ளை கிடைத்தா. முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டா: "நீங்க பைக்கைத் திருப்புறதும் வருத்தத்துக்குச் சாப்பாடு போடுறதுதான் அண்ணா." சுருக்கென்றது. பாசம் என்றுதானே நினைத்திருந்தேன்.

போன வெள்ளி ஒரே தடவை பூட்டிவிட்டுக் கிளம்பினோம். மைதானத்தடியில் வழமையான கேள்வி வந்தது. சொல்லிக்கொடுத்தபடி, "தெரியாது சின்னம்மா" என்றேன். என் தோளில் அவர் நகம் பதிந்தது. பூசை முடியும்வரை அம்மனைப் பார்க்கவேயில்லை, கேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். விபூதி வாங்கும்போதுதான் முகம் கொஞ்சம் இளகியது.

வீட்டுக்கு வந்து, திறப்பைப் போடுமுன் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.