பேட்டா கட்டுங்கம்மா, பேட்டா!

இன்னைக்கு காலைல 10.20க்கே கோர்ட் வராண்டால போய் நின்னாச்சு. லீவு போட்டுட்டுத்தான். இந்த வருஷத்துல எட்டாவது லீவு, ஆபீஸ்ல இப்பல்லாம் காரணமே கேக்கறதில்ல, என் மூஞ்சியப் பாத்ததும் "கோர்ட்டா, போயிட்டு வா"ங்கறாங்க. என் நம்பர கூப்பிட மணி 12.40. கூப்பிட்ட சத்தம் காதுல விழுந்து, கூட்டத்த தள்ளிட்டு ஓடிப்போய் மூச்சு வாங்க நின்னா, பெஞ்ச் கிளார்க் தலையக்கூட தூக்கல. "நோட்டீஸ் ரிட்டர்ன். கதவு பூட்டியிருக்காம். மறுபடி பேட்டா கட்டுங்கம்மா."

முடிஞ்சுது. எண்ணி அரை நிமிஷம்.

ஜீவனாம்ச பாக்கிக்கு அலைஞ்சவங்களுக்கு பேட்டான்னா என்னன்னு சொல்லத் தேவையில்ல. அலையாதவங்க மகராசியா இருங்க, உங்களுக்காக ஒரு தடவ சொல்றேன். பிள்ளைக்கு மாசாமாசம் குடுன்னு கோர்ட் போட்ட ஆர்டர மதிக்காத ஒரு ஆளு இருக்கான்ல, அவன் வீட்டுக்குப் போய் "ஐயா வாங்க, ஏன் குடுக்கலன்னு வந்து சொல்லுங்க"ன்னு ஒரு காகிதத்த நீட்ட கோர்ட் ஒரு ஆள அனுப்பும். அந்த ஆள் போயிட்டு வர்ற செலவ யார் கட்டணும்? நான். குடுக்காதவன் காலாட்டிட்டு வீட்ல இருப்பான், வாங்க முடியாதவ வழிச்செலவு கட்டணும். தொகை சின்னதுதான், ஒத்துக்கறேன். அடிச்சவன விட்டுட்டு அடிபட்டவகிட்டயே மருந்துக்கு காசு கேட்டா, காசு சின்னதா பெருசாங்கறதா முக்கியம்?

இதுல இது மூணாவது தடவ பேட்டா. மொதத் தடவ "ஆள் வெளியூர்". ரெண்டாவது தடவ "விலாசத்தில் இல்லை". இப்ப "கதவு பூட்டு". அந்தக் கதவு பூட்டியிருந்த அதே ஞாயித்துக்கெழமதான் அந்த மகாராஜா புது பைக் எடுத்து, மாலை போட்டு, அதே வீட்டு நீல கேட் முன்னாடி நிறுத்தி ஸ்டேட்டஸ் வச்சிருந்தான். என் பக்கத்து வீட்டுக்காரம்மா பாத்துட்டாங்க, என் தம்பி பாத்துட்டான், மூணாங்கிளாஸ் படிக்கற என் பொண்ணு பாத்துட்டு "அப்பா பைக்கு நல்லாருக்கும்மா"ங்கறா. கோர்ட் ஆளுக்கு மட்டும் நீல கேட், பைக்கு, மாலை எதுவும் கண்ணுல படல, பூட்டு மட்டும் பட்டுச்சு.

இருங்க, இதோட நிக்கல.

எனக்கு இருக்கறது ரெண்டு மனு. ஏன் ரெண்டுன்னா, பாக்கிய கேட்டு மனு போடறதுக்கு சட்டத்துலயே ஒரு கெடு இருக்கு, எந்த மாசத்து பணமோ அது விழவேண்டிய தேதிலேருந்து ஒரு வருஷத்துக்குள்ள கேட்டுடணும், விட்டா அந்த மாசத்துக்கு வாரண்ட் கேக்க முடியாது. கெடு யாருக்கு? குடுக்காதவனுக்கா? சேச்சே. கேக்கறவளுக்கு. அதனால போன வருஷத்து 12 மாசத்துக்கு ஒரு மனு, மாசம் 6,000 வீதம் 72,000. அது இன்னும் வாய்தால தூங்கிட்டிருக்கு. அது முடியும்னு காத்திருந்தா இந்த வருஷத்து மாசங்களும் கையவிட்டுப் போயிடும்னு வக்கீல் சொல்ல, 11 மாசத்துக்கு 66,000ன்னு இன்னொரு மனு. இன்னைக்கு ரிட்டர்ன் ஆன நோட்டீஸ் இதுக்குத்தான். மறுபடியும் ஸ்டாம்ப், மறுபடியும் அஃபிடவிட், மறுபடியும் அதே ஆர்டர் காப்பிக்கு காப்பி அப்ளிகேஷன், அதுக்கு ஸ்டாம்ப் கேட்டிருக்காங்களான்னு தினம் நோட்டீஸ் போர்டுல போய் பேரு தேடறது, மறுபடியும் ஜெராக்ஸ். பழைய மனுல வச்ச அதே காகிதம்தாங்க, அதே கட்டடத்துலதான் இருக்கு, அந்த பீரோவுக்கும் இந்த பீரோவுக்கும் நடுவுல பத்தடி இருக்குமா?

இப்ப சொல்லப்போறத நல்லா கவனிங்க. அந்த மொத மனுவுக்கு இவன் ஒழுங்கா ஆஜராகறான்! போன வாய்தாக்கு அதே கோர்ட்ல, அதே வராண்டால, எனக்கு நாலடி தள்ளி நின்னு, "டைம் வேணும்"னு கேட்டு வாங்கிட்டுப் போனான். அடுத்த வாய்தா 14ஆந் தேதி, அதுக்கும் வருவான். இன்னைக்கு கிளார்க்கிட்ட கெஞ்சிக் கேட்டேன், "சார், அந்த ஆளு 14ஆந் தேதி இதே ரூமுக்கு வர்றாரு சார், உங்க டேபிள் முன்னாடிதான் நிப்பாரு, அப்ப கையில குடுத்துட முடியாதா?"

அவரு மொத தடவையா நிமிந்து என்னப் பாத்தாரு. பாவம் பாத்தாரா கடுப்பாப் பாத்தாரான்னு தெரியல.

"அது வேற நம்பரும்மா."

வேற நம்பராம்! ஆளு ஒண்ணு, பிள்ள ஒண்ணு, ஜட்ஜ் ஒண்ணு, அந்தாளு தாடி கூட அதே தாடி. ஒரு நம்பருக்கு ஆஜர், இன்னொரு நம்பருக்கு தலைமறைவு. கடவுள் கூட இவ்ளோ சுலபமா ரெண்டு எடத்துல இருக்கமாட்டாரு. "வக்கீல விட்டு மனு போடச் சொல்லுங்க, பாக்கலாம்"ன்னாரு. அதாவது, கண்ணு முன்னாடி நிக்கறவன் கையில ஒரு காகிதத்த குடுக்க இன்னொரு மனு. அதுக்கு ஒரு ஸ்டாம்ப்.

சரின்னு பேட்டா கட்டப் போனேன். மெமோ ஃபாரம் வாங்க ஜெராக்ஸ் கடை. ஃபாரத்துல வக்கீல் கையெழுத்து வேணும், வக்கீல் மேல் மாடி கோர்ட்ல. அவரோட குமாஸ்தா தம்பிய தேடிப் புடிச்சா "அக்கா, சார் ஆர்க்யுமெண்ட்ல இருக்காரு, ஒரு அரை மணி"ங்கறான். அரை மணி ஒண்ணரை மணி ஆச்சு. கையெழுத்து வாங்கிட்டு ஸ்டாம்ப் வெண்டர்கிட்ட வந்தா அவரு சாப்பிடப் போயிட்டாரு. திரும்பி வந்தவரு "சின்ன ஸ்டாம்ப் தீந்துபோச்சும்மா, பெருசு இருக்கு, வாங்கிக்கறீங்களா?"ன்னாரு. வாங்கிக்கறேன்னேன். மீதிக்கு சில்லறை இல்லையாம். விட்டுட்டேன். ஒட்டிட்டு செக்‌ஷன்ல நீட்டினா, "விலாசம் பழைய விலாசமே போட்டிருக்கீங்க, பூட்டுன்னு வந்திருக்குல்ல, வேற விலாசம் இல்லையா?" இல்ல சார், அவரு அங்கதான் குடியிருக்காரு. "அப்பறம் ஏன் பூட்டுன்னு வருது?" அத நான் உங்கள கேக்கணுமா நீங்க என்ன கேக்கணுமா? இத வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டேன். சத்தமா சொல்லியிருந்தா மெமோல ஓரம் சரியா விடலன்னு திருப்பிக் குடுத்திருப்பாங்க.

ஒரு நாள் கரண்ட் பில் தவறினா ஃப்யூஸப் புடுங்க வீடு தெரியுது. அப்ப யாரும் பேட்டா கேக்கறதில்ல, கதவு பூட்டியிருந்தாலும் மீட்டர் வெளியதான இருக்கு. பிள்ளைங்களுக்கு வர வேண்டிய பணத்துக்கும் வெளிய ஒரு மீட்டர் வைங்கய்யா.

சட்டம் இல்லையான்னா, அதெல்லாம் லட்சணமா இருக்கு. அப்ப குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 125ஆவது பிரிவு, இப்ப 2024 ஜூலைலேருந்து அதுக்குப் பதிலா வந்த புது சட்டத்துல 144ஆவது பிரிவு. நம்பர மாத்தினாங்க, நடைய மாத்தல. இடைக்கால ஜீவனாம்சத்த நோட்டீஸ் சேர்ந்த 60 நாள்ல முடிக்கப் பாருங்கன்னு எழுதியிருக்கு. "நோட்டீஸ் சேர்ந்த". அந்த வார்த்தைலதான வச்சிருக்கான் பூட்ட. 2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரஜ்னேஷ் - நேஹா கேஸ்ல, ரெண்டு பேரும் சொத்து வருமானத்த அஃபிடவிட்ல காட்டணும், ஜீவனாம்சம் மனு போட்ட தேதிலேருந்தே கணக்குன்னு நல்ல தீர்ப்பு குடுத்தாங்க. அந்தக் கேஸே இடைக்கால ஜீவனாம்சத்துக்காக ஏழு வருஷம் இழுத்த கேஸுதான். நம்ம பைக் மகாராஜா காட்டின வருமானம் என்ன தெரியுமா, மாசம் 9,000. சம்பளமா இருந்தா மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் ஜப்தி பண்ண வழியிருக்காம், இவருதான் "சொந்தக்காரர் கடையில கூடமாட ஒத்தாசை" ஆச்சே. அந்த 9,000த்துல வந்ததுதான் போல அந்த பைக்கு.

"குடுக்கலன்னா என்ன, ஒரு மாசம் உள்ள இருந்துட்டு வந்தா கணக்கு தீந்துரும்"னு வேற ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறானாம். தீராது ராசா. உள்ள போயிட்டு வந்தாலும் பாக்கி பாக்கிதான்னு 1988லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. மொதல்ல நீ உள்ள போகணும், அதுக்கு நான் இன்னும் எத்தன பேட்டா கட்டணுமோ.

இலவச சட்ட உதவி இருக்கேன்னு யாரோ கட்டாயம் வந்து சொல்வீங்க. இருக்கு. 1987 சட்டம், பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் வருமானம் பாக்காம உண்டு, வக்கீல் மட்டுமில்ல கோர்ட் ஃபீஸ், பேட்டா செலவு கூட அதுல அடங்கும். ஆரம்பத்துலயே போறவங்க அங்க போங்க, நெசமா சொல்றேன். எனக்கு இது தெரிஞ்சது ரெண்டாவது மனுவும் போட்டு முடிச்சப்புறம். அந்த ஆபீஸ் போர்டு எங்க மாட்டியிருக்கு தெரியுமா? மாடிப்படிக்கு அடில, சைக்கிள் நிறுத்தற எடத்துக்குப் பின்னாடி.

எல்லாம் முடிச்சு வெளிய வர்றப்ப மணி 4.10. அடுத்த வாய்தா தேதியப் பாத்தேன். பாப்பா ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங் அன்னைக்குத்தான். பஸ்ல உக்காந்து அழுகை வரும்னு பாத்தா சிரிப்பு வந்துச்சு, பக்கத்துல இருந்த அம்மா கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து பையத் தொறந்தா பேனாவக் காணோம். செக்‌ஷன்ல மெமோ எழுதும்போது ஒருத்தர் "ஒரு நிமிஷம் குடும்மா"ன்னு வாங்கினாரு. புதுப் பேனா. நேத்து பாப்பா கிட்ட கெஞ்சி வாங்கிட்டுப் போனது, அதுல டிங்கர்பெல் ஸ்டிக்கர் வேற ஒட்டியிருந்தா. மூணு மணி நேரமா அழுதுகிட்டிருக்கா. சார், வெள்ள சட்டை, கண்ணாடி, கையில பச்சை ஃபைல் வச்சிருந்தீங்க. இத எங்கயாவது படிச்சீங்கன்னா அந்தப் பேனாவ ஜெராக்ஸ் கடையில குடுத்து வைங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.