இனிஷியலில் மாட்டிக்கொள்ளும் பி.எஃப். பணம்

வேலை மாறுகிற மாசத்தில்தான் பள்ளிக் கட்டணம், வாடகை அட்வான்ஸ், அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் வரிசை கட்டி நிற்கும். அந்த நேரம் பார்த்து பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) விண்ணப்பம் 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பி வந்தால் வயிறு எரியாதா?

ஆதாரில் 'முருகன் க'. பான் கார்டில் இனிஷியலை விரித்து 'கந்தசாமி முருகன்'. பழைய கம்பெனி பதிந்தது 'க.முருகன்'. மூன்றும் ஒரே ஆள்! நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா?

அடுத்த தலைவலி, விலகிய தேதி. பழைய கம்பெனி அதைப் பதியாமலே விட்டுவிடும். கடைசிச் சந்தா கட்டி 2 மாதம் கழிந்ததும் யுஏஎன் (ஒவ்வொரு பி.எஃப். உறுப்பினருக்கும் உள்ள பொது எண்) தளத்தில் 'மேனேஜ்' பகுதிக்குள் 'மார்க் எக்ஸிட்' அழுத்தி, ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபி கொடுத்து நாமே பதியலாம். இதை எந்த எச்.ஆரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. தேதியை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள்.

வெறுத்துப்போய் மொத்தமாக எடுத்துவிடாதீர்கள். 5 வருடத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி உண்டு. புதுக் கணக்குக்கு மாற்றினால் பழைய வருடங்களும் சேரும், பென்ஷனுக்கான 10 வருடக் கணக்குக்கும் அவை வேண்டும். பெயர்த் திருத்தத்தை ராஜினாமாவுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். திருத்தத்துக்குப் பழைய ஆபீஸின் ஒப்புதல் தேவைப்பட்டால், வெளியே வந்தபின் நாயாய் அலைய வைக்கிறார்கள்.