அது மழைநீர்த் தொட்டி இல்லை, தம்பி

எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் இணைப்பு போடவில்லை. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்துக் கிராமம், கல் வீடு, ஜன்னலோரம் டீ, ட்ரோன் மேலே ஏறி ஆட்டுமந்தையைக் காட்டும் அந்த வீடியோதான். அதில் வீட்டின் பின்பக்கம் பச்சையாக ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதைத் தட்டிக்காட்டி, "பாருங்க மக்களே, வெள்ளைக்காரன் ஒவ்வொரு சொட்டு மழைநீரையும் எப்படிச் சேமிக்கிறான்னு! நம்ம ஊர்ல இருக்கா இது?" என்று வீடியோ போட்ட தம்பி உருகுகிறார்.

அது மண்ணெண்ணெய்த் தொட்டி.

"தம்பி, அது ஹீட்டிங் ஆயில், எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். மொத்தமே ஏழு சொல். அதற்கு வந்த பதில்களை நீங்களும் படித்திருப்பீர்கள். பொறாமை பிடித்தவன். எதையும் ரசிக்கத் தெரியாதவன். "எண்ணெய் ஆபீசர் வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்க." பரவாயில்லை, பட்டம் கொடுத்திருக்கிறீர்கள், ஆபீசராகவே பேசிவிட்டுப் போகிறேன்.

இங்கே ஏராளமான கிராமங்களுக்கு கேஸ் குழாய் வரவே இல்லை. வீட்டைச் சூடாக்குவதும் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவதும் மண்ணெண்ணெய்தான். ரேஷன் கடையில் கேனோடு வரிசையில் நின்று வாங்கினோமே, அதே சாதி. லாரி வந்து குழாய் போட்டு ஊற்றிவிட்டுப் போகும். பெரும்பாலும் 500 லிட்டருக்குக் குறைந்து தரமாட்டார்கள். நடுத்தரமான வீடு வருடத்துக்கு 1500, 2000 லிட்டர் குடிக்கும். காற்று புகும் பழைய கல் வீடென்றால் அதற்கு மேலும் போகும். விலை அன்றன்றைக்கு ஒன்று. கேஸுக்கும் மின்சாரத்துக்கும் ஆஃப்ஜெம் என்ற அரசு எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது, எண்ணெய்க்கு அது கிடையாது. டிசம்பரில் குளிர் இறுக்கும்போது ஊரே ஒரே நாளில் போன் போடும். விலையும் ஏறும், லாரியும் இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். விவரம் தெரிந்தவர்கள் கோடை முடிவதற்குள் நிரப்பிவிடுவார்கள். நாலு வீடு சேர்ந்து ஒரே லாரியில் சொன்னால் லிட்டருக்குக் கொஞ்சம் குறையும், இதற்கென்றே பல ஊர்களில் குழு வைத்திருக்கிறார்கள். சந்து குறுகலாக இருந்தால் சின்ன லாரி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வந்த லாரி அப்படியே திரும்பிப் போய்விடும்.

"தீர்ந்தா ஊத்திக்கிட்டா போச்சு, இதுக்கு என்ன இவ்ளோ பில்டப்பு" என்று ஒருவர். போகாது ஐயா. தொட்டியின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த கசடு இருக்கும். குளிரில் உள்சுவர் வியர்த்து இறங்கிய தண்ணீரும் கிடக்கும். எண்ணெய் அடிமட்டத்துக்கு வந்தால் அந்தக் கசடு போய் வடிகட்டியை அடைக்கும், குழாயில் காற்று ஏறும். பாய்லர் முயன்று பார்த்துவிட்டு சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்துவிடும். அதற்குப் பிறகு 500 லிட்டர் ஊற்றினாலும் பற்றாது. வடிகட்டியை மாற்றி, பம்பின் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினால்தான் உயிர் வரும். இது தெரியாமல் ரீசெட் பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தால் எரியறைக்குள் எண்ணெய் தேங்கி, கடைசியில் பற்றும்போது ஒரு சத்தத்தோடு புகை வரும். ஆஃப்டெக் (எண்ணெய் பாய்லர் மெக்கானிக்குகளைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவுள்ள மெக்கானிக் வர வேண்டும். அவர் ஜனவரியில் என்றைக்கு வருவார் என்று கேட்டுப்பாருங்கள், அந்தப் பதிலையும் ட்ரோனில் எடுங்கள்.

கிராமம் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்றுதான் கேட்டேன்.

சரி, எண்ணெயை விடுங்கள். கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது? வீடியோவில் தம்பி காரை நிறுத்தியிருக்கும் புல்வெளிக்கு அடியில்தான் என்று நினைக்கிறேன். சாக்கடைக் குழாய் வராத வீடுகளில் செப்டிக் டேங்க். தொட்டியில் கசடு தங்கும். தெளிந்த நீர் ஜல்லிக்குள் பதித்த துளைக் குழாய்கள் வழியாக மண்ணில் இறங்கும். அந்தக் குழாய்களின் மேல் கார் நிறுத்தினால் மண் இறுகும், குழாய் நசுங்கும். மரம் நட்டால் வேர் உள்ளே போகும். பெரும்பாலான வீடுகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை கசடு உறிஞ்ச வண்டி வர வேண்டும். பிளீச்சை அள்ளி ஊற்றினால் உள்ளே வேலை செய்யும் பாக்டீரியா செத்துப்போகும். ஈரத் துடைப்பான் கரையும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். அப்புறம், நம் ஆட்களுக்கென்றே ஒன்று: வடை சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். இங்கே பூமிக்கடியில் குழாய் எந்தக் காலத்தில் 24 டிகிரியைப் பார்த்தது? பழைய டப்பாவில் ஊற்றி, இறுகியதும் குப்பையில் போடுங்கள். சிங்க் களகளவென்று சத்தம் போட்டாலோ, ஒரு இடத்தில் மட்டும் புல் கொழுத்து வளர்ந்தாலோ, அது இயற்கையின் வரம் என்று வீடியோ எடுக்காமல் வண்டிக்குச் சொல்லியனுப்புங்கள். செப்டிக் டேங்க் நீரை நேராக ஓடையில் விடுவது இங்கிலாந்தில் 2020 ஜனவரி 1 முதல் கூடாது. வாடகைக்குப் போகிறவர்கள், கசடு எடுக்கும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

"ஆனா அந்த அமைதி இருக்கே!" இதுதான் அதிகம் லைக் வாங்கிய கமெண்ட். எந்த அமைதி? பிப்ரவரியில் வயலுக்குச் சாணிக்குழம்பு அடிப்பார்கள், துவைத்த துணியை வெளியே காயப்போட முடியாது. ஆகஸ்ட்டில் மழைக்கு முன்னால் அறுத்து முடிக்க கம்பைன் நள்ளிரவு வரை ஓடும். அக்டோபர் 1 தொடங்கி பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் பறவை வேட்டை, சனிக்கிழமை காலையில் துப்பாக்கிச் சத்தம். கோடைக் கடைசியில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வேறு வயலில் விடுவார்கள். தாய் ஆடுகள் இரண்டு மூன்று ராத்திரி விடாமல் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கிப்பாருங்கள். இதில் எதுவும் குறையில்லை. அது வேலை நடக்கிற இடம், வேலை நடந்தால் சத்தம் வரும். சுற்றுலாவுக்கு வந்தவர்கள் போன பிறகு வாய்மூடிக் கிடக்கும் காட்சிப்பொருள் என்று நினைத்துக்கொண்டு போனவர்கள்தான் பிறகு சேவல் கூவுகிறது என்று புகார் எழுதுகிறார்கள்.

மின்சாரம் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது சில ஆயிரம் வீடுகள் ஒரு வாரத்துக்கு மேல் இருட்டில் கிடந்தன. மின்சாரம் இல்லையென்றால் தொட்டி நிறைய எண்ணெய் இருந்தாலும் பாய்லர் ஓடாது, அதன் பம்புக்கும் பற்றவைக்கும் தீப்பொறிக்கும் மின்சாரம் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று வீடென்றால் தண்ணீரும் வராது. பழைய செம்புக்கம்பி போன் மின்வெட்டிலும் பேசும். அதை 2027 ஜனவரியோடு மூடப்போகிறார்கள். புதிய போன் ரவுட்டரில் ஓடுவது, ரவுட்டர் அணைந்தால் போனும் போச்சு. மொபைல் சிக்னல் இல்லாத பள்ளத்தில் வீடென்றால் அவசர உதவி எண் 999-ஐக்கூட அழைக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் போன் நிறுவனத்திடம் பேட்டரி கேட்டு வாங்கலாம், குறைந்தது ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. மின்வெட்டைச் சொல்ல அழைக்கும் எண் 105. வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் முன்னுரிமைப் பட்டியலில் இலவசமாகப் பெயர் கொடுத்து வைக்கலாம். விறகடுப்பு இருக்கிற வீடு தப்பித்தது, அதுவும் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த விறகும், வருடம் ஒருமுறை சுத்தம் செய்த புகைபோக்கியும் இருந்தால்.

சந்துகளைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்று மட்டும். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை என்றால் 60 மைல் வரை சட்டம் அனுமதிக்கிறது, ஓட்டு என்று சொல்லவில்லை. ஒதுங்கும் இடம் உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள், வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே நில்லுங்கள். ரிவர்ஸ் வராதவர் அங்கே குடியிருக்க முடியாது.

இனி, வரப்போகிற பதில்களுக்கு.

"ஹீட் பம்ப் போட்டுக்கலாமே." வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவிதானே, போடலாம், 7500 பவுண்டு மானியமும் இருக்கிறது. வீட்டு உரிமையாளருக்கு. வாடகைக்காரர் என்ன செய்வார்? அடுத்தது.

"எங்க கிராமத்துல கேஸ் இருக்கே." இருக்கலாம். நல்லது. நன்றாக இருங்கள்.

"வீடியோன்னா அழகைத்தான் காட்டுவாங்க, செப்டிக் டேங்கையா காட்டுவாங்க?" இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. காட்ட வேண்டாம். தெரியாததை மழைநீர்த் தொட்டி என்று சொல்லாமல் இருக்கலாம். நம் ஊரை மட்டம் தட்ட ஒரு மண்ணெண்ணெய்த் தொட்டியா கிடைத்தது? மழைநீர் சேகரிப்புக்கு 2000-களின் தொடக்கத்திலேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாயிற்று தம்பி.

"பிடிக்கலைன்னா கிளம்பி வந்துடுங்க." இதைத்தான் தாங்க முடியவில்லை. பிடிக்கவில்லை என்று எங்கே சொன்னேன்? இந்த மண்ணில் காலூன்றுகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வியைத்தானே கேட்டேன்?

கோபம் ஏன் என்றால், இதே மாதிரிப் படங்களைக் காட்டித்தான் ஆள் பிடித்தார்கள். 2022 பிப்ரவரியில் கேர் (முதியோர் பராமரிப்பு) வேலைக்கு விசாக் கதவு திறந்தது. 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்து வர முடியாது என்றார்கள். 2025 ஜூலை 22-ல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதே நின்றது. நடுவில் வந்த ஒரு பெண், தெரிந்தவர்களின் உறவு. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் இதேதான்: கல் வீடு, ஆடு, "அமைதியான சூழல்". வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்திவிடும் வேலை. முதல் வீடு காலை ஏழு மணிக்கு. முதல் பஸ் ஒன்பதேகாலுக்கு, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே இல்லை. கார் வேண்டும். இந்திய லைசென்ஸ் குடிவந்த 12 மாதம்தான் செல்லும், அதற்குள் இங்கே தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தேற வேண்டும். தேர்வுக்கு நாள் கிடைப்பதற்கே மாதக்கணக்கு. ஷ்ராப்ஷயரின் தென்பகுதியில் லட்லோ என்ற ஊர்ப் பக்கத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் பெரிய ஆஸ்பத்திரி வடக்கே ஷ்ரூஸ்பரி, தெற்கே ஹெர்ஃபோர்ட், எந்தப் பக்கம் போனாலும் 25, 30 மைல். இதில் ஒரு வரியைக்கூட அந்தப் பெண்ணிடம் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் பொறாமைக்காரர் ஆகியிருப்பார் போல.

அந்த வீடியோவை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தம்பி தட்டும் இடத்துக்குப் பக்கத்தில் தொட்டியோடு ஒட்டி ஒரு கண்ணாடிக் குழாய் தெரியும். அதுதான் அளவு பார்க்கும் குழாய். எண்ணெய் அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு நிற்கிறது, பாய்லருக்குப் போகும் குழாய் அதற்குக் கொஞ்சம் கீழே. தட்டும்போது தொட்டி டொங் என்று வெற்றுச் சத்தம் போடுகிறது. நவம்பர் பாதி முடிந்துவிட்டது. அவரைத் தெரிந்தவர்கள் இன்றைக்கே போன் செய்து 500 லிட்டருக்குச் சொல்லச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்.