அந்தப் பொடியனைக் கொப்பி என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை குத்துச்சண்டையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். இரண்டாவது ரவுண்டில் எங்கள் கொட்டாஞ்சேனைப் பொடியன் இடது கையை வயிற்றுக்குக் குறுக்கே இறக்கி, தோளைத் தாடைவரை ஏற்றினான். எதிராளியின் வலது குத்து தோளில் வழுக்கிப் போனது. உடனே பின்னாலிருந்து ஒரு குரல்: "மேவெதர் கொப்பி!" இரவு ஃபோனைத் திறந்தால் வீடியோவுக்குக் கீழேயும் அதே சொல்.

சரி, இந்தத் தோள் தடுப்புக்குப் பேர்போன அமெரிக்கச் சாம்பியன் மேவெதர் அதை யாரிடம் எடுத்தார்? அவருக்கு முன்பே ஜேம்ஸ் டோனி என்ற குத்துச்சண்டை வீரர் அந்தத் தோளை வைத்துத்தான் சண்டை போட்டார். மேவெதருக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கக் குத்துச்சண்டை வீரரான அப்பா இருந்தார்.

மைக் டைசனைப் பாருங்கள். இரண்டு கையையும் கன்னத்தோடு வைத்துக்கொண்டு உள்ளே நுழைவது அவருடைய பயிற்சியாளர் கஸ் டமாட்டோ கற்றுக்கொடுத்தது. அதே முறையில் வளர்ந்த ஃபிளாய்ட் பேட்டர்சன் 1956இல் 21 வயதில் ஹெவிவெயிட், அதாவது அதிக எடைப் பிரிவு, சாம்பியன் ஆனார். 1986இல் டைசன் 20 வயதில் அதை முந்தினார். மேலங்கி இல்லாமல் கறுப்புச் சோட்ஸோடு ரிங்குக்கு வந்ததுகூட பழைய சாம்பியன் ஜாக் டெம்ப்சியைப் பார்த்துத்தான். டைசனை யாராவது கொப்பி என்றீர்களா?

முகமது அலிக்குத் தனக்கு முந்திய சாம்பியன் சுகர் ரே ராபின்சன் என்றால் உயிர். ராபின்சன் எடை குறைந்த வெல்டர்வெயிட், மிடில்வெயிட் பிரிவுக்காரர். அந்தக் கால்களை அலி ஹெவிவெயிட் உடம்புக்குக் கொண்டுவந்தார். விஷயமே அங்கேதான் இருக்கிறது. இன்னொரு உடம்புக்குள் போனதும் அது வேறொன்றாகிவிடுகிறது.

எனக்குப் பதினைந்து வயதில் ஒரு அண்ணனின் ஜெப் மேல், முன்கையை நீட்டிக் குத்தும் அந்த நேர்க்குத்து மேல், பைத்தியம். அலுமாரிக் கண்ணாடி முன்னால் மாதக்கணக்காகப் பழகினேன், அவர் குத்துமுன் கால்விரலால் தரையைத் தட்டுவது உட்பட. முதல் சண்டையிலேயே அந்தத் தட்டலைக் கண்டுபிடித்து எதிராளி என் மூக்கை உடைத்தான். மாஸ்டர் பஞ்சை அடைத்துக்கொண்டே சொன்னார், "தம்பி, அவன்ட கை நீளம். நீ ஒரு எட்டு உள்ள போய்க் குத்து." அப்புறம்தான் அது என் ஜெப் ஆனது. கொப்பியடித்தால் ரிங்கில் அடிதான் விழும். சனிக்கிழமை அவன் தோளில் அந்தக் குத்து வழுக்கியதே, அது எப்படிக் கொப்பி?

"ஒப்பிட்டால் பெருமைதானே" என்பீர்கள். ஒப்பிடுவது வேறு, திருடன் என்பது வேறு. கையை இறக்குவது ஆபத்து என்பது உண்மை, மூன்றாவது ரவுண்டில் பக்கவாட்டில் வளைந்து வரும் இடது ஹூக் இரண்டு வாங்கினான். நான் பேசுவது அதையல்ல. அதே மாலை பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவனும் கையை இறக்கினான். எழுந்து நின்று கைதட்டினீர்கள். அவனுக்கு ஸ்டைல், எங்கள் பிள்ளைக்குக் கொப்பியா? இவன் அப்பா நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்கிவிட்டு இரவில்தான் வீட்டுக்கு வருகிறார். இவனுக்கு இருந்தது உடைந்த ஃபோன் ஒன்று. நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எழுந்து நின்று செய்து பார்த்து, அந்தத் தோளைத் தானாகவே பிடித்தான். இது உங்கள் கண்ணில் படவில்லையா?

ஞாயிறு பின்னேரம் வந்து கேட்டான், "அண்ணா, இனி கையை மேலேயே வைக்கவா?" முகத்தைப் பார்க்க முடியவில்லை. இறக்கித்தான் வை என்றேன். வலது கையை மட்டும் கன்னத்தோடு இன்னும் ஒட்டிவை, ஹூக் அந்தப் பக்கம்தான் வருகிறது.