ஆறு போத்தல் சும்மா கேட்ட கதை

வைன் பற்றி எழுதினால் ஊரில் இருக்கிற சித்தி வாசித்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் எடுப்பா என்று தெரியும். பரவாயில்லை சித்தி, இது குடியைப் பற்றின பதிவு இல்லை, காசைப் பற்றினது.

ஐந்து வருசமாக இங்கே கனடாவில், நயாகராப் பக்கம் ஒரு சின்ன வைன் சங்கத்தில் இருக்கிறேன். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு, வாடகை மண்டபம் ஒன்றில் நாற்பது பேர் வரை கூடுவோம். ஓய்வுபெற்ற வாத்திமார், தாதிமார், ஒரு பல் வைத்தியர், பிறகு நான் ஒரே ஒரு தமிழன். போத்தலைக் கடதாசிப் பைக்குள் மறைத்து வைத்து, என்னவென்று தெரியாமல் ருசி பார்த்து, இது பிரான்ஸ்தான் என்று பல் வைத்தியர் அடித்துச் சொல்ல, பையைக் கழற்றினால் அது பத்து நிமிசத் தூரத்தில் இருக்கிற தோட்டத்து வைனாக இருக்கும். அந்தச் சிரிப்புக்காகவே போகலாம். மனைவி போனபிறகு வீட்டைவிட்டு வெளியே வராத ஒரு மனிசன், எண்பது வயது இருக்கும், இந்த வியாழனுக்கு மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார். ஆகவே சங்கத்தைக் குறை சொல்ல வந்தேன் என்று நினைக்கவேண்டாம். சரி, கொஞ்சம் குறை சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் சங்கத்தின் யாப்பில் முதல் வரியே உள்ளூர் வைன் தயாரிப்பாளரை ஆதரிப்பது என்றுதான் இருக்கிறது. போன மாதக் கூட்டத்துக்கு ஒரு சின்னத் தோட்டக்காரியைக் கூப்பிட்டிருந்தார்கள். புருசனும் பெண்சாதியுமாக நடத்துகிற இடம். கூப்பிட்ட கடிதத்தில், வரும்போது ஆறு போத்தல் அன்பளிப்பாகக் கொண்டுவர முடியுமா, உங்களுக்கும் நல்ல விளம்பரமாக இருக்கும் என்று ஒரு வரி. பாவம், கொண்டுவந்தா. இரண்டு மணித்தியாலம் நின்று ஊற்றினா. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கும் முகம் கோணாமல் பதில் சொன்னா. கிளாஸை நீட்டும்போது அவவின் கையைப் பார்த்தேன். வாழைக்காய் வெட்டினால் கயர் பிடித்து விரல் கறுக்குமே, அதே மாதிரி நகக்கண்ணெல்லாம் கறுப்பு. சிவப்பு வைனிலும் நாக்கைப் பிடிக்கிறது அந்தக் கயர்தானே.

கடைசியில் மேசையில் ஒரு ஓடர் தாள் வைத்தா. நாற்பது பேரில் மூன்று பேர் எழுதினோம். எல்லாம் சேர்த்து ஏழு போத்தல். போத்தல் முப்பது டொலர். கதவடியில் கோட்டை மாட்டிக்கொண்டே ஒருவர், இந்தக் காசுக்குச் சிலி வைன் இரண்டு வாங்கலாமே என்றார், மெல்லச் சொல்கிற பழக்கம் இல்லாதவர். அவவுக்குக் கேட்டது. கிளாஸ்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தா, நிமிரவே இல்லை.

உண்மைதான், சிலி வைன் மலிவு. இங்கத்தை வைன் ஏன் விலை கூட என்று அந்த மனிசன் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டார். இங்கே ஒன்ராறியோ ஏரியும், அதற்குத் தெற்கே மதில் மாதிரி ஓடுகிற எஸ்கார்ப்மென்ட் மேடும் இருப்பதால்தான் முந்திரிகையே தப்பிப் பிழைக்கிறது. ஏரி குளிர்காலத்தில் கொஞ்சம் சூடு தரும், வசந்தத்தில் மொட்டு அவசரப்பட்டு விரியாமல் பிடித்து வைக்கும். அப்படியிருந்தும் 2022 சனவரிக் குளிரில் எத்தனையோ தோட்டங்களில் மொட்டுகள் கருகிப்போயின. உறைபனி இரவில் மேலே நிற்கிற கொஞ்சம் சூடான காற்றைக் கீழே இழுக்க, தோட்டத்துக்குள் பெரிய காற்றாடிகள் சுற்றும், அந்தச் சத்தத்தில் ஊரே நித்திரை கொள்ளாது. பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டிப் பக்கம் இன்னும் மோசம். அங்கே ஒவ்வொரு இலையுதிர் காலமும் கொடியை வளைத்து மண்ணுக்குள் புதைத்துவிட்டு, வசந்தத்தில் திரும்பத் தோண்டி எடுக்கிறார்கள். நட்ட கொடியில் உருப்படியாகப் பழம் பறிக்கவே மூன்றாம் வருசம் ஆகும். முப்பது டொலருக்குள் இதெல்லாம் அடக்கம்.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது. ஒருகாலத்தில் இங்கே விளைந்தது கொன்கோர்ட், நயாகரா மாதிரி லப்ருஸ்கா என்கிற அமெரிக்க முந்திரிகை இனங்கள்தான். எங்கள் பெங்களூர் ப்ளூவும் அதே குடும்பம், அந்தக் கறுப்பு முந்திரிகையின் மணத்தை நினைத்துப் பாருங்கள். சாறுக்கு அருமை, வைனுக்குச் சரிவராது. 1975இல் இனிஸ்கிலின் என்ற நயாகரா வைன் நிறுவனத்துக்கு லைசென்ஸ் கிடைத்தது, 1929க்குப் பிறகு ஒன்ராறியோவில் கொடுத்த முதல் லைசென்ஸ் அதுதான். 1988இல் அமெரிக்காவோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, கலிபோர்னியா வைன் வந்தால் செத்தோம் என்று பயந்து, பழைய கொடிகளைப் பிடுங்குவதற்கே அரசாங்கம் காசு கொடுத்தது. பிடுங்கின நிலத்தில் ரீஸ்லிங், கபர்னே பிராங், ஷார்டனே எல்லாம் நட்டார்கள். அந்தக் காலத்தில் தொடங்கின வி.கியூ.ஏ முத்திரை போத்தலில் இருந்தால், முழுக்க ஒன்ராறியோ முந்திரிகை என்று அர்த்தம்.

ஐஸ்வைனையும், அதுதான் கொடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிந்து எடுக்கிற இனிப்பு வைனையும், சொல்லாமல் விட மனமில்லை. 1983இல் இனிஸ்கிலின்காரர் முதல்தரம் கொடியிலேயே பழத்தை விட்டுப் பார்த்தார்கள், குருவிகள் வந்து முழுவதையும் தின்றுவிட்டுப் போய்விட்டன. அடுத்த வருசம் வலை போட்டார்கள். 1991இல் அவர்களுடைய ஐஸ்வைனுக்கு பிரான்சிலேயே, விநெக்ஸ்போ வைன் கண்காட்சியில், பெரிய விருது கிடைத்தது. மைனஸ் 8 பாகை அல்லது அதற்குக் கீழே குளிர் இறங்கினால்தான் பறிக்கலாம், அநேகமாக நடுச்சாமத்தில். மெக்சிக்கோவிலும் ஜமெய்க்காவிலும் இருந்து வருசாவருசம் வந்து இந்தத் தோட்டங்களில் முறிகிற ஆட்களில் ஒருத்தரையும் எங்கள் சங்கம் இதுவரை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை. நானும்தான் இதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

இப்போது நயாகராக்காரருக்குக் கொஞ்சம் நல்ல காலம் என்கிறார்கள். 2025 மார்ச்சில், ட்ரம்ப் போட்ட வரிக்குப் பதிலடியாக, ஒன்ராறியோ அரசாங்கத்தின் எல்.சி.பி.ஓ மதுக்கடைகள் அமெரிக்கப் போத்தல்களைத் தட்டிலிருந்து எடுத்தபிறகு சனம் உள்ளூர் வைனைக் கையில் எடுத்துப் பார்க்கத் தொடங்கியது. ட்ரம்ப் செய்த உதவியில் பாதியாவது நாங்கள் செய்திருக்கக் கூடாதா? எங்கள் வருடாந்த விருந்தில் மேசைக்கு மேசை வைத்த சிவப்பு வைனின் பின் லேபிளை வாசித்தேன், இறக்குமதி வைனும் உள்நாட்டு வைனும் கலந்தது என்று சின்ன எழுத்தில் இருந்தது. அதைக் குடித்துக்கொண்டே தலைவர் உள்ளூர் விவசாயிகளுக்கு நன்றி சொன்னார்.

சங்கம் என்றால் எனக்கு ஞாபகம் வருவது யாழ்ப்பாணத்துக் கள்ளுச் சங்கம். அப்பாவுக்குக் கள்ளு பிடிக்காது, ஆனால் எங்கள் வளவுப் பனைகளில் சீவினவரோடு அவருக்கு நல்ல பழக்கம். அவர் காலையில் முட்டியோடு இறங்கி, சைக்கிளில் சங்கத்துக்குக் கொண்டுபோவார். அங்கே அளந்து, கொப்பியில் எழுதி, காசு கொடுப்பார்கள். அந்தக் கூட்டுறவுகள் 1970களில் வந்தபிறகுதான் சீவல் தொழிலாளி தவறணை முதலாளியின் கையைப் பார்த்து நிற்காமல் தன் கள்ளுக்கு ஒரு விலை கண்டான். அதிலும் ஆயிரம் குறை இருந்தது, ஊரில் எதில் இல்லை. ஆனால் மரம் ஏறினவனிடம் போய், ஆறு முட்டி சும்மா தா, உனக்கு விளம்பரம் என்று அந்தச் சங்கம் கேட்டதில்லை.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லவில்லை, சொன்னாலும் விளங்காது. கணக்கு மட்டும் சொன்னேன். ஆறு போத்தல் 180 டொலர், நாற்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாலரை டொலர். ஒரு கோப்பிக்கும் டோனட்டுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு காசு. கூப்பிடுகிற தோட்டக்காரருக்குப் போத்தல் காசைச் சங்கம் கொடுக்கவேணும், வருகிற ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு போத்தலாவது வாங்கவேணும், வாங்க விருப்பமில்லாதவர் அன்றைக்கு வீட்டில் இருக்கலாம் என்றேன். கடைசி வரியைக் கொஞ்சம் சூடாகச் சொல்லிவிட்டேன் போல. பொருளாளர் பரிசீலிப்போம் என்றார். அந்தக் கோட்டுப் போட்ட கிழவர் மட்டும் எழும்பி, தன் பங்கு நாலரை டொலரை மேசையில் எண்ணி வைத்துவிட்டு இருந்தார்.

போன சனி அவவின் தோட்டத்துக்கே போய் பன்னிரண்டு போத்தல் வாங்கினேன். மனுசிதான் கார் ஓடினா. போகும்போது ஒரு சட்டி நண்டுக்கறி கொண்டுபோனோம், இவ்வளவு உறைப்புக்கு எது சரிவரும் என்று பார்க்க. கபர்னே பிராங் வேலைக்கு ஆகவில்லை, கயரும் மிளகாயும் சேர்ந்து வாய் எரிந்ததுதான் மிச்சம். பிறகு தோட்டக்காரி கொஞ்சம் இனிப்பு மிஞ்சி நிற்கிற ரீஸ்லிங் ஒன்றைத் திறந்தா பாருங்கள், தேசிக்காய் பிழிந்த மாதிரி அந்தப் புளிப்பு, நண்டோடு அப்படியே போய் ஒட்டிக்கொண்டது. புருசன்காரன் மூக்கு வழிய வழிய விரலைச் சூப்பிக்கொண்டு மூன்றாம்தரம் போட்டுச் சாப்பிட்டான். மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். சட்டி மனுசியின் அம்மா தந்தது, எப்போது எடுக்கப் போகிறாய் என்று தினமும் கேட்கிறா. இந்தச் சனி ஒருக்கா போகவேணும்.