காசு கட்டி நடந்துவிட்டு வந்தோம்

"துபாயில காடியிலேயே மணல்மேட்டு மேல ஏத்திடுறான். நீங்க நமீபியா வரைக்கும் போய், காசு கட்டி நடந்துட்டு வந்திருக்கீங்களே மாமா!" என்று மச்சான் மகன் சிரித்தான். பினாங்கில் பாதிப் பேர் கணக்கு இதுதான். பாலைவனம் என்றால் அரை நாள் குலுங்கல், ஒட்டகத்தோடு ஒரு படம், ராத்திரி பார்பிக்யூ. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சரி. ஆனால் பாலைவனம் பார்த்தாச்சு என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் போனது நமீபியாவின் நமீப் பாலைவனத்தில் இருக்கும் சோசஸ்ஃப்லே. அங்கே மணல்மேட்டில் காடி ஏற்றவே கூடாது. செஸ்ரியம் என்ற பூங்கா வாசலிலிருந்து 60 கிலோமீட்டர் தார் ரோடு, கடைசி 5 கிலோமீட்டர் மணல் பாதை, அப்புறம் கால்தான். பிக் டாடி என்ற மேடு சுமார் 325 மீட்டர். நம்ம பினாங்குக் கொம்தார் கோபுரத்தைப் பக்கத்தில் நிறுத்தினால் குட்டையாகத் தெரியும். முகட்டு விளிம்பில்தான் ஏற வேண்டும். முன்னால் போனவர் மிதித்த குழியில் கால் வைத்தால் கொஞ்சம் பிடிப்பு. தவறினால் முழங்கால் வரை இறங்கும். வெயில் பக்கம் செக்கச்செவேல் என்றிருக்கும், நிழல் பக்கத்து மணலோ விடியலில் ஜில்லென்று இருக்கும்.

அந்த மணலில் பெரும்பகுதி ஆரஞ்சு ஆறு கடலுக்குக் கொண்டுபோனது. கடல் நீரோட்டம் அதை வடக்கே தள்ள, காற்று கரைக்குள் வாரிக்கொண்டு வந்திருக்கிறது. சிவப்பு, மணலில் படிந்த இரும்புத் துரு. மழை அபூர்வம், கடல் மூடுபனிதான் பல உயிர்களுக்குத் தண்ணீர். நமீபில் ஒரு வகை வண்டு மேட்டு உச்சியில் தலையைக் கவிழ்த்து நிற்குமாம், முதுகில் படியும் பனித்துளி வாய்க்கு உருண்டு வர. வண்டு, பல்லி, பொன்னெலி என்று இப்படிப்பட்டவை மணலுக்குள்ளேயே குடியிருக்கின்றன. அதன் மேல் டயரை ஓட்டுவது என்ன விளையாட்டு? 2013இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் வேறு.

பிக் டாடிக்குக் கீழே டெட்ஃப்லே என்ற வறண்ட பள்ளம். வெள்ளைக் களிமண் தரையில் கருகிய மரங்கள். மணல்மேடுகள் ஆற்றை மறித்ததால் செத்தவை. 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் மக்கிப்போக ஈரமில்லாமல் அப்படியே நிற்கின்றன. அதில் ஒன்றின் மேல் ஒருத்தர் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: விலை கூடினாலும் பூங்கா வாசலுக்கு உள்ளேயே தங்குங்கள். உள்ளே இருப்பவர்களை விடியும் முன்பே கிளம்ப விடுவார்கள். வெளியே தங்கினால் சூரியன் வந்த பிறகுதான் வாசல் திறப்பார்கள்; பாதி மேடு ஏறுவதற்குள் மணல் சுட ஆரம்பித்துவிடும்.