அம்மாவின் வயிறு, என் கையெழுத்து

2017-ல் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அப்போது அம்மாவுக்கு வயது 43. கர்ப்பப்பையில் கட்டி, மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றிய பிறகுதான் தேதி குறித்தார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே நடந்தது எங்கேயும் நடப்பதுதான்.

"பேஷண்டோட அட்டெண்டர் யாருங்க?" என்று சிஸ்டர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். அப்பா என்னை முன்னால் தள்ளினார். "நீ போடுடா, உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்." பி.இ. முடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது எனக்கு. சிஸ்டர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த ஐந்து இடங்களிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி படிக்கவில்லை. அம்மா மூன்றடி தள்ளிக் கட்டிலில் பச்சை கவுனோடு உட்கார்ந்திருந்தார். நல்ல நினைவோடு இருந்தார். பத்தாவது வரை படித்தவர். தினமும் பேப்பர் படிப்பவர். மகளிர் குழுவின் வரவு செலவுக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுபவர். அவர் பக்கம் யாரும் பேனாவை நீட்டவில்லை. நானும் நீட்டவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் தியேட்டர் வாசலில் ஒரு ஸ்டீல் தட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும், வெளியே எடுத்ததைச் சொந்தக்காரர்களிடம் காட்டுவது இங்கே ஒரு வழக்கம். "பாத்துக்கோங்க, இது கட்டி, இது..." என்று அந்தச் சிஸ்டர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா தலையாட்டினார். தட்டு உள்ளே போய்விட்டது. அது யாருடைய உடம்போ அவர் மயக்கத்தில் இருந்தார். கண் விழித்த பிறகும் அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றோம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்கள் வீட்டில் ராத்திரி மூன்று மணிக்குப் புறவாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். மார்கழிப் பனியிலும் வேர்த்து ஊற்றும். பகலில் சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகை வரும், கோபம் வரும். "ஆபரேஷனுக்கு அப்புறம் உங்கம்மா சிடுமூஞ்சி ஆயிட்டா" என்று அப்பா சொல்வார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அதை எழுதும்போது இப்போதும் மனசு கனக்கிறது.

2019-ல் முதுகு வலிக்காக அரசு மருத்துவக் கல்லூரி ஓ.பி.க்குக் கூட்டிப் போனேன். ஒரு இளம் டாக்டர், பி.ஜி. படிப்பவராக இருக்க வேண்டும், அத்தனை கூட்டத்திலும் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "கர்ப்பப்பையோட சினைப்பையும் எடுத்துட்டாங்களாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

வீட்டில் காகிதம் எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாம் அசலாக இன்சூரன்ஸுக்குப் போயிருந்தது. ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. பழைய மருத்துவமனைக்குப் போய்க் கேட்டால், "கேஸ் ஷீட்டெல்லாம் வெளிய குடுக்க மாட்டோம் சார்" என்று கவுண்டரிலேயே முடித்துவிட்டார்கள். அன்று இரவு உட்கார்ந்து தேடியபோதுதான் தெரிந்தது, இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அம்மாவே ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் மனு எழுதினார், அந்த விதியையும் குறிப்பிட்டு. நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்தோம். மூன்றாம் நாள் ஃபோன் வந்தது. இன்னும் ஒரு வருடம் தாமதித்திருந்தால் மூன்று வருடம் தாண்டியிருக்கும், அந்தக் காகிதம் எங்கே போயிருக்குமோ.

ஃபைலில் இருந்தது: கர்ப்பப்பையும் இரண்டு பக்கச் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. ஒப்புதல் படிவத்தில் கீழே என் கையெழுத்து. எந்த ஆபரேஷன் என்று எழுதும் இடத்தில் மூன்று ஆங்கில எழுத்து, ஒரு பிளஸ், இன்னும் மூன்று எழுத்து. நான் கையெழுத்துப் போட்டபோது அது எழுதியிருந்ததா, பிறகு எழுதினார்களா, எனக்கு நினைவில்லை. படித்திருந்தால்தானே நினைவிருக்கும்.

மாதவிடாய் தானாக நிற்கும் வயதுக்கு முன்னால் இரண்டு சினைப்பையையும் எடுத்தால், ஹார்மோன் படிப்படியாகக் குறையாமல் ஒரே நாளில் நின்றுபோகும். ராத்திரி வேர்வை, தூக்கமின்மை, அழுகை எல்லாம் அதனால் வரும். எலும்பும் சீக்கிரம் தேயும். சில நேரம் அதை எடுத்தே ஆக வேண்டிய காரணம் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எடுத்தோம் என்று சொல்லியிருந்தால் அம்மா இரண்டு வருடம் தன்னையே ஒரு சிடுமூஞ்சி என்று நம்பி வாழ்ந்திருக்க மாட்டார். மருந்து கேட்டிருக்கலாம். கால்சியமாவது சாப்பிட்டிருக்கலாம்.

இதே போன்ற ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெல்லியில் 1995-ல் சமீரா கோஹ்லி என்ற 44 வயதுப் பெண், உதிரப்போக்கு என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். பரிசோதனைக்காக லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்ன ஓட்டை போட்டுக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது, செய்யச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. நல்ல நினைவுள்ள, வயதுவந்த ஒருவருக்குப் பதிலாகத் தாயே ஆனாலும் சம்மதம் தர முடியாது, உயிருக்கு ஆபத்து என்ற அவசரம் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு என்றது நீதிமன்றம். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது. என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும், இவ்வளவையும் தெரிந்துகொண்டு கொடுப்பதுதான் சம்மதம். தீர்ப்பு சொல்வதன் சாரம் இது. இழப்பீடு வெறும் 25,000 ரூபாய். மருத்துவர் கட்டணமும் வாங்கக் கூடாது என்றார்கள்.

அந்தத் தீர்ப்பைப் படித்த அன்றைக்கு எனக்குக் கோபம் மருத்துவமனை மேல் வரவில்லை. அங்கே வெளியே உட்கார்ந்திருந்த தாயார் இடத்தில் இங்கே நான் இருந்தேன். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நோயாளியின் உரிமை என்றதும் நமக்கு ஆஸ்பத்திரிக்காரர்களோடு சண்டை போடுவதுதான் ஞாபகம் வருகிறது. அந்த உரிமையை முதலில் பறிப்பது வீட்டு ஆட்கள்தான். அன்பினால் பறிக்கிறோம், அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம். பயாப்ஸி ரிசல்ட் வந்ததும் மகன் தனியாக டாக்டர் அறைக்குள் போய், "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்பான். அந்த அப்பாவுக்கு அல்சர் என்று சொல்லிக் கீமோ கொடுப்பார்கள். முடி கொட்டும்போது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தெரியாத மாதிரி அவர் நடிப்பார், அவருக்குத் தெரியும் என்று தெரிந்தும் நாம் நடிப்போம். யாருக்கு என்ன சொத்து எழுத வேண்டும், யாரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேச வேண்டும், அடுத்த கீமோ வேண்டுமா வேண்டாமா, எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போய்ச் சேர்கிறார். சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டால் அது அவர் விருப்பம், மதிக்கலாம். அவரிடம் கேட்காமலே நாம் எப்படி முடிவு செய்கிறோம்?

இப்போது இன்னொரு பக்கம், நோயாளியின் பொறுப்பு. அதே ஆபரேஷனுக்கு முதல் நாள், "ராத்திரிக்கு மேல் ஒண்ணும் சாப்பிடக் கூடாது" என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அத்தை ஃப்ளாஸ்க்கோடு வந்தார். "வெறும் வயித்துல எப்படிடி தாங்குவ, அரை டம்ளர் காப்பிதானே. கேட்டா குடிக்கலன்னு சொல்லிடு." அம்மா குடித்துவிட்டார். ஏழு மணிக்கு சிஸ்டர் வாசலில் நின்று "ஒண்ணும் சாப்பிடலல்ல?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். நாங்கள் கோரஸாக "இல்லைங்க" என்றோம்.

எட்டு மணிக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எங்களை வெளியே இருக்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் அம்மா காப்பியைச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப் போனது. அப்பா குதித்தார், "ஒரு காப்பிக்கா?" என்று. அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரம் போதும், பால் கலந்தது சோறு மாதிரி, ஆறு மணி நேரம் ஆகும். அன்று எங்கள் பொய் பலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யாரைப் போய் அடித்திருப்போம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்த மருத்துவமனையில் அம்மாவோடு நேராகப் பேசியது அவர் ஒருவர்தான். அம்மா உண்மையைச் சொன்னதும் அவர் ஒருவரிடம்தான்.

பொறுப்பு என்றால் எனக்கு அந்த அரை டம்ளர் காப்பிதான். சாப்பிடும் நாட்டு மருந்தைச் சொல்லுங்கள், பாதியில் நிறுத்திய சுகர் மாத்திரையைச் சொல்லுங்கள், குடிப்பவர் குடியைச் சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் நிற்கும்போது எவன் சொல்வான்? அதனால்தான் தனியாகப் பேசும் உரிமை வேண்டும் என்கிறேன்.

மற்றதையும் தெரிந்து வைத்திருங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த சாசனத்தில் நோயாளிக்கு 17 உரிமைகள் உண்டு. நோயாளிக்குப் பொறுப்புகளும் உண்டு. விபத்து, மாரடைப்பு என்று வந்தால் முன்பணம் கேட்டு முதலுதவியை மறுக்கக் கூடாது. பில் தகராறைச் சொல்லி நோயாளியையோ இறந்தவர் உடலையோ பிடித்து வைக்கக் கூடாது. மருந்தை அந்த மருத்துவமனைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. பணம் கட்டிப் பெறும் சிகிச்சை 1995 முதல் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், சிகிச்சைக்குக் கட்டிய பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். இவ்வளவு கதவுகள் இருக்கும்போது கை நீட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரை, நோயாளியின் மகன் ஒருவர் கத்தியால் குத்தியதை நினைத்துப் பாருங்கள். அதற்குக் "கோபம் வந்துடுச்சு" என்று சமாதானம் சொன்னவர்களை என் நட்பு வட்டத்திலேயே பார்த்தேன். அவர்களோடு எனக்கு ஒட்டாது.

ஃபைல் கையில் வந்ததும் கேஸ் போடலாம் என்று நானும் துள்ளினேன். நல்லவேளை, அந்த முறை அம்மாவிடம் கேட்டேன். "கேஸெல்லாம் வேணாம். அந்த டாக்டரை நான் பாக்கணும்" என்றார். கூட்டிப் போனேன். டாக்டர் ஃபைலைப் புரட்டி, "ஒரு பக்கம் நீர்க்கட்டி இருந்ததும்மா, இன்னொரு பக்கமும் பின்னாடி தொந்தரவு வரக் கூடாதுன்னு எடுத்தோம். உங்க பையன்கிட்ட சொன்னோமே" என்றார்.

"எனக்குச் சொல்லலையே" என்றார் அம்மா.

அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. டாக்டர் ஃபைலை மூடினார். சொல்லியிருக்க வேண்டும், தப்புதான் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். ஆட்டோவில் வரும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கும்பிடு அவருக்கு, இந்த மௌனம் எனக்கு என்று புரிந்தது.

போன மாதம் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். வேறு மருத்துவமனை. சிஸ்டர் படிவத்தோடு வந்து "அட்டெண்டர்..." என்று ஆரம்பித்ததும் அம்மா கையை நீட்டினார். "தமிழ்ல இருக்காம்மா?" இருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். சர்ஜனைக் கூப்பிடச் சொல்லி, "ஓட்டை போட்டுப் பண்ண முடியலன்னா வயித்தைத் திறப்பீங்களா? திறந்தா கல்லோட பையை மட்டும்தான் எடுப்பீங்களா?" என்று கேட்டார். அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டிய சிஸ்டர் காத்துக்கொண்டிருந்தார், தியேட்டரிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து எட்டிப் பார்த்தார். "போட்டுடும்மா, லேட்டாகுது" என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அம்மா மூன்றாவது பக்கத்தைத் திருப்பினார்.